ஏழாவது குழி

அந்த நகரத்தின் மரங்களுக்கும் பூங்காக்களுக்கும் ஒரு பெண் பொறுப்பாக இருந்தார். மரகதவல்லி என்று பெயர். நாற்பது வயது. குறைவாகப் பேசுவார். பேசியதைத் திரும்பச் சொல்லும் வழக்கம் அவரிடம் இல்லை.

அவரிடம் மரம் வளர்க்கக் கற்றுக்கொள்ள வந்தவருக்கு ஐம்பத்து நான்கு வயது. ஆவுடையப்பன் என்று பெயர். அதே நகராட்சியின் சாலைப் பிரிவில் இருபத்தாறு ஆண்டுகள் மேற்பார்வையாளராக இருந்தவர். ஓய்வுக்கு நான்கு ஆண்டுகள் மிச்சம் இருக்கும்போது பூங்காப் பிரிவுக்கு மாற்றல் கேட்டு எழுதிக்கொடுத்தார். சாலைப் பிரிவில் சிரித்தார்கள். எழுதிக்கொடுத்த தாளைத் திரும்ப வாங்கிக்கொள்ள இரண்டு நாள் அவகாசமும் கொடுத்தார்கள். அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

முதல் நாள் அவர் கேட்டார்: "நான் எதிலிருந்து தொடங்க வேண்டும், அம்மா?"

மரகதவல்லி ஒரு கடப்பாரையை எடுத்துக் கொடுத்தார்.

"மேலரத வீதியில் பதினெட்டுப் புங்கமரங்களின் அடியைச் சிமென்ட் இறுக்கியிருக்கிறது. உடையுங்கள்."

"அது நான் போட்ட சிமென்ட்."

"தெரியும், அண்ணாச்சி. எவ்வளவு ஆழம் என்று உங்களுக்குத்தான் தெரியும்."

ஆவுடையப்பன் பதினோரு நாள் உடைத்தார்.

வயதில் மூத்தவர் என்பதால் மரகதவல்லி அவரை அண்ணாச்சி என்றார். கற்பிப்பவர் என்பதால் ஆவுடையப்பன் அவரை அம்மா என்றார். இருவரும் இதைப் பற்றிப் பேசி முடிவு செய்யவில்லை. அப்படியே நிலைத்துவிட்டது.

மூன்று ஆண்டுகளில் ஆவுடையப்பன் கொஞ்சம் கற்றிருந்தார். மரத்துக்கு எண் தகடு அடிக்கும்போது ஆணியை முழுக்க இறக்காமல் இரண்டு விரற்கடை வெளியே விட வேண்டும், இல்லாவிட்டால் மரம் பருத்துத் தகட்டை விழுங்கிவிடும் என்பது தெரிந்தது. கிளையை வெட்டும்போது முதலில் அடிப்புறத்தில் அறுக்க வேண்டும், இல்லாவிட்டால் விழும் கிளை பட்டையை உரித்துக்கொண்டு போகும் என்பதும் தெரிந்தது. தெரியாதது ஒன்று இருந்தது. அது பொது மருத்துவமனையின் கிழக்கு வாசலில் இருந்தது.

அந்தத் தெருவில் வரிசையாக ஒன்பது குழிகள். ஒன்பதிலும் ஆவுடையப்பனே வேப்பங்கன்று நட்டார். எட்டு வேம்புகள் ஆள் உயரம் தாண்டி வளர்ந்துவிட்டன. வாசலை ஒட்டியிருந்த ஏழாவது மட்டும் பட்டுப்போனது. மறுபடியும் நட்டார். பட்டுப்போனது. அந்தக் குழியில் இப்போது நிற்பது நான்காவது கன்று. அதன் இலைகளும் மஞ்சளாகித் தொங்கத் தொடங்கியிருந்தன.

மருத்துவமனைக்கு வருகிறவர்களின் இருசக்கர வண்டிகளை நிறுத்த இடம் போதவில்லை. ஏழாவது குழியைக் கான்கிரீட் போட்டு மூடித் தந்தால் பத்து வண்டிகள் நிற்கும் என்று நகர்மன்றத்தில் ஒருவர் சொன்னார். மரம் வைக்கிறோம் என்று மூன்று ஆண்டுகளாகக் குச்சியைத்தான் வைத்திருக்கிறார்கள் என்று இன்னொருவர் சொன்னார். அதைத் தவறு என்று சொல்லவும் முடியாது.

பூங்காப் பிரிவுக்கு ஒரு தாள் வந்தது. 'இக்குழியில் மரம் வளரும் / வளராது' என்று அதில் இருந்தது. இரண்டில் ஒன்றை அடித்துவிட்டு, நட்டவர் எட்டு நாட்களுக்குள் கையொப்பமிட வேண்டும். வளரும் என்று ஒப்பமிட்டால் குழியை மூடமாட்டார்கள்; ஆனால் இன்னும் ஒரே ஒரு கன்றுக்குத்தான் வாய்ப்பு. அதுவும் பட்டுப்போனால் ஒப்பமிட்டவரே பொறுப்பு. குழி அன்றே மூடப்படும்.

ஆவுடையப்பன் தம் காலத்தில் நிறையக் குழிகளை மூடியவர். மரம் நிற்கும் குழியை மூடினால் உடைக்கச் சொல்லிக் கேட்க மரமாவது மிஞ்சும். வெறும் குழியை மூடிவிட்டால் அங்கே ஒரு குழி இருந்தது என்பதே எவருக்கும் நினைவிருக்காது. அந்தக் கிழக்கு வாசலிலோ காலை எட்டு மணி முதல் மாலைவரை நூறு பேர் நிற்கிறார்கள். அவர்கள் தலைமேல் வெயிலைத் தவிர வேறொன்றும் இல்லை.

தாளை எடுத்துக்கொண்டு அவர் மரகதவல்லியிடம் வந்தார்.

"ஒரே தெரு. ஒரே மண். ஒரே நாற்றங்காலில் எடுத்த கன்றுகள். ஒரே லாரித் தண்ணீர். எட்டு வளர்கின்றன, ஒன்று சாகிறது. ஏன், அம்மா?"

"நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?"

"யாரோ கொல்கிறார்கள்."

"யார்?"

"எதிரே மருந்துக்கடை. மரம் வளர்ந்தால் பெயர்ப்பலகை மறையும். பக்கத்தில் ஆட்டோ நிறுத்தம். மரம் இல்லாவிட்டால் ஒரு வண்டி கூடுதலாக நிற்கும். இருவரில் ஒருவர் ஏதோ ஊற்றுகிறார்."

"பார்த்தீர்களா?"

"இல்லை."

மரகதவல்லி அறையின் மூலையில் கிடந்த ஒரு முக்காலியை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தார்.

"குழிக்குப் பக்கத்தில் போட்டு உட்காருங்கள். ஏழு நாள். யாரையும் தடுக்காதீர்கள். நீங்களும் எதையும் ஊற்றாதீர்கள்."

"நான் அங்கே உட்கார்ந்தால் கொல்ல நினைப்பவர் வரமாட்டாரே."

"வராவிட்டால், வருகிறவர்களைப் பாருங்கள்."

திங்கட்கிழமை காலை ஆவுடையப்பன் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். ஆட்டோ ஓட்டும் முத்துவீரன்தான் முதலில் கவனித்தார்.

"என்ன அண்ணாச்சி, மரத்துக்குப் பிரசவம் பாக்க வந்தீகளா?"

"சும்மா உட்கார்ந்திருக்கிறேன்."

"நகராட்சியில சும்மா உக்காந்திருக்கதுக்கு உள்ளயே நாக்காலி கெடக்குமே. வெயில்ல எதுக்கு?"

நிறுத்தத்தில் இருந்த மற்ற ஓட்டுநர்கள் சிரித்தார்கள். சிரிப்பு ஓய்ந்ததும் முத்துவீரன் வண்டியின் முன்கண்ணாடியைக் கழுவினார். குவளையில் மிஞ்சிய நீரைக் கன்றின் அடியில் ஊற்றினார். ஆவுடையப்பன் எழுந்துபோய் ஈரத்தைத் தொட்டு மோந்து பார்த்தார். வெறும் தண்ணீர்.

"சோப்பு போடலை அண்ணாச்சி. பயப்படாதீக," என்றார் முத்துவீரன்.

சற்று நேரத்தில் மருந்துக்கடைக்காரர் உலகநாதன் வாளியோடு வெளியே வந்தார். கடை வாசலில் நீர் தெளித்தார். வாளியில் கால்பங்கு மிஞ்சியது. தெருவைக் கடந்து வந்து கன்றின் அடியில் அதைக் கவிழ்த்தார்.

"என்னையத்தான பாக்கீக?" என்றார்.

ஆவுடையப்பன் மறுக்கவில்லை.

"போர்டு மறைஞ்சிரும்னு நான் கொல்லுதேன்னு சொல்லிட்டுத் திரியுதீகளாம். மூணு வருசமா உங்க மரம் என் முழங்காலத் தாண்டல. அது என்னைக்காவது என் போர்டு ஒசரத்துக்கு வரட்டும். போர்டை நானே கழட்டி வச்சிருதேன்."

"பிறகு ஏன் தண்ணீர் ஊற்றுகிறீர்கள்?"

"வாடிப் போய் நிக்கே. கண்ணால பாத்துக்கிட்டு எப்படி இருக்கது? நீங்களும் ஊத்தமாட்டேங்கீக."

உண்மையில் ஆவுடையப்பன் ஊற்றாமல் இருந்ததில்லை. கன்று வாடுவதைக் கண்டதுமே லாரி ஓட்டுநரிடம் சொல்லி அதற்கு மட்டும் இரண்டு பங்கு ஊற்ற வைத்திருந்தார். அதை உலகநாதனிடம் சொல்லவில்லை. முக்காலியில் உட்கார்ந்து அதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தார்.

பகைவர் என்று நினைத்த இருவரும் தண்ணீர் ஊற்றியதோடு முதல் நாள் முடிந்தது.

செவ்வாய்க்கிழமை அவர் காலை ஆறரை மணிக்கே போய்விட்டார். அந்த நேரத்தில் அவர் அந்தத் தெருவுக்கு வந்ததில்லை. ஆட்டோக்காரர்களும் வரவில்லை. மருந்துக்கடையும் திறக்கவில்லை.

ஏழு மணிக்கு வாசலிலிருந்து ஓர் ஆள் வெளியே வந்தார். கையில் ஒரு தண்ணீர்ப் பாட்டில். முழுதாக இருந்தது. இடமும் வலமும் பார்த்தார். கன்றின் அருகில் வந்து பாட்டிலைத் திறந்து முழுவதையும் ஊற்றினார். மூடியைத் திருகிப் பாட்டிலைப் பைக்குள் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஐந்து நிமிடம் கழித்து ஓர் இளம்பெண் வந்தாள். அவளும் ஊற்றினாள். பிறகு கணவனும் மனைவியுமாக இருவர். பிறகு கழுத்தில் துண்டு போட்ட ஒருவர், பிளாஸ்கிலிருந்து வெந்நீரை மூடியில் ஊற்றி ஆற்றி ஆற்றி, கை பொறுக்கும் சூடானதும் மண்ணில் விட்டார்.

ஆவுடையப்பன் எண்ணத் தொடங்கினார். ஒன்பது மணிக்குள் முப்பத்தேழு பேர் ஊற்றியிருந்தார்கள். ஒருவரையொருவர் அவர்களுக்குத் தெரியாது. ஒருவர் ஊற்றியதை மற்றவர் பார்க்கவும் இல்லை. ஒவ்வொருவரும் தாம் மட்டும்தான் அந்தக் கன்றைக் கவனித்தவர் என்ற முகத்தோடு வந்தார்கள்.

அவர் ஒருவரை நிறுத்திக் கேட்டார்: "ஐயா, ஏன் இதற்கு ஊற்றினீர்கள்?"

அந்த ஆள் திகைத்தார். "ஊத்தக் கூடாதா?"

"அப்படி இல்லை. காரணம் கேட்டேன்."

"கையில இருந்திச்சு. ஊத்தினேன். வேற ஒண்ணும் இல்லிங்க," என்று சொல்லி வேகமாக உள்ளே போய்விட்டார்.

அடுத்து வந்தவர் நடுவயதுப் பெண். இசக்கியம்மாள் என்று பெயர் சொன்னார். அவர் நகரவில்லை. பேச ஆள் கிடைத்ததே போதும் என்பதுபோல நின்றார்.

"மருமவளுக்கு இன்னைக்கு வயித்துல ஆப்பரேசன். நேத்து ராத்திரியிலேருந்து பச்சத் தண்ணி பல்லுல படக்கூடாதுன்னு நர்சம்மா சொல்லிட்டாக. மயக்க மருந்து குடுக்கணுமாம், வயிறு காலியா இருக்கணுமாம். சரிதான். அவுக சொல்லுதது நல்லதுக்குத்தான். ஆனா தாகம் தாகம்னு என் கையைப் புடிச்சிக்கிட்டுக் கேக்கா. உதட்டை நனைக்கட்டுமான்னு கேட்டேன். அதுவும் கூடாதுன்னுட்டாக. பாட்டிலை வெளிய கொண்டு போயிருங்கம்மான்னாக."

"அதனால்..."

"கொண்டாந்துட்டேன். அவளுக்குன்னு வீட்டுலேருந்து காய்ச்சி ஆறவச்சிக் கொண்டாந்த தண்ணி. நான் குடிச்சா எறங்குமா? சாக்கடையில கொட்ட மனசு வருமா? இது வாடிப் போய் நிக்கு. இதாவது குடிக்கட்டும்."

இசக்கியம்மாள் பாட்டிலைக் கவிழ்த்தார். கடைசிச் சொட்டு விழும்வரை பிடித்துக்கொண்டிருந்தார்.

அவர் போனபிறகு ஆவுடையப்பன் கன்றின் ஓரமாகக் கையால் மண்ணைத் தோண்டினார். ஒரு சாண் ஆழத்தில் மண் சேறாக இருந்தது. புளித்த நாற்றம் அடித்தது. ஒரு வேரை எடுத்து விரலால் உருவினார். தோல் கறுப்பாகக் கையோடு வந்தது.

புதன்கிழமை காலை அவர் பூங்காப் பிரிவுக்கு விரைந்து வந்தார்.

"ஏழு நாள் என்று சொன்னேன்," என்றார் மரகதவல்லி.

"கண்டுபிடித்துவிட்டேன், அம்மா."

"எதை?"

ஆவுடையப்பன் எல்லாவற்றையும் சொன்னார். காலை நேரத்து அறுவைச் சிகிச்சைகள், திருப்பி அனுப்பப்படும் பாட்டில்கள், கறுத்த வேர். வேம்பு வறட்சியைப் பொறுக்கும், தேங்கிய நீரைப் பொறுக்காது. வேர் அழுகினாலும் இலை தாகத்தில் வாடுவதுபோலவே வாடும். வாட்டத்தைப் பார்த்து இன்னும் ஊற்றுகிறார்கள். ஊற்ற ஊற்ற இன்னும் வாடுகிறது.

"நானும் இரட்டைப் பங்கு ஊற்ற வைத்தேன். யாரோ கொல்கிறார்கள் என்றேன். எல்லோருமாகச் சேர்ந்து கொன்றிருக்கிறோம்."

மரகதவல்லி தலையசைத்தார்.

"இனி என்ன செய்யப் போகிறீர்கள்?"

"எளிய காரியம். ஒரு பலகை வைக்கிறேன். தண்ணீர் ஊற்றாதீர்கள் என்று எழுதினால் போதும். பிறகு புதிய வேம்பு."

"அந்தப் பெண்ணிடம் சொன்னீர்களா?"

"எந்தப் பெண்?"

"மருமகளுக்காகக் கொண்டுவந்த தண்ணீரை ஊற்றியவர். அந்தத் தண்ணீர்தான் கன்றைக் கொல்கிறது என்று அவரிடம் சொன்னீர்களா?"

"இல்லை."

"ஏன்?"

ஆவுடையப்பன் நகத்தில் ஒட்டியிருந்த கறுப்பைச் சுரண்டினார்.

"சரி. பலகையை வையுங்கள்," என்றார் மரகதவல்லி.

சாலைப் பிரிவில் ஆயிரம் பலகைகளை எழுதி நட்டவர் அவர். மஞ்சள் பூசி, கறுப்பில் எழுதி, வியாழக்கிழமை விடியும்போதே கன்றின் முன்னால் நட்டுவிட்டார். 'இங்கே தண்ணீர் ஊற்றக் கூடாது.' எழுத்துகள் நேராக இருந்தன. இருபது அடி தூரத்திலிருந்தே படிக்கலாம்.

பலகை வேலை செய்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும். முதலில் வந்தவர் படித்தார். பாட்டிலைப் பைக்குள் திரும்ப வைத்துக்கொண்டு போனார். அடுத்து வந்த பெண், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு சாக்கடையில் ஊற்றினாள். ஒன்பது மணிவரை குழியில் ஒரு சொட்டும் விழவில்லை. ஆவுடையப்பன் முக்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

அப்போது ஒரு முதியவர் வந்தார். வெள்ளை வேட்டி, கையில் பித்தளைக் கூஜா. கன்றின் அருகில் வந்து கூஜாவின் மூடியைத் திருகியவர், பலகையைக் கண்டு நிறுத்தினார். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாய்விட்டுப் படித்தார். பலகையைப் பார்த்தார். கன்றைப் பார்த்தார். பிறகு ஆவுடையப்பனைப் பார்த்துக் கேட்டார்:

"இதுக்கும் ஆப்பரேசனா?"

அவர் வேடிக்கையாகக் கேட்கவில்லை.

"இல்லை, ஐயா," என்றார் ஆவுடையப்பன்.

"பின்ன ஏன் குடுக்கக் கூடாதுங்காக?"

"வேர் அழுகிவிடும்."

முதியவர் தலையாட்டினார். காலையிலிருந்து உள்ளே மருத்துவரும் தாதியரும் சொன்னதற்கெல்லாம் அப்படித்தான் ஆட்டியிருப்பார்.

"சரிங்க. வெவரம் தெரிஞ்சவுக சொன்னாச் சரியாத்தான் இருக்கும்."

மூடியை மறுபடி திருகி இறுக்கினார். பலகைக்குக் கீழே தரையில் உட்கார்ந்தார். கூஜாவை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். குடிக்கவில்லை. கொட்டவும் இல்லை. வெயில் ஏறியது. அவர் நகரவில்லை.

பதினொன்றரை மணிக்கு ஆவுடையப்பன் எழுந்தார். பலகையின் காலைப் பிடித்து ஆட்டினார். தாமே இறுக்கி நட்டது என்பதால் எளிதில் வரவில்லை. இரு கைகளாலும் பிடித்து இழுத்துப் பிடுங்கினார்.

முதியவர் அண்ணாந்து பார்த்தார்.

"இப்ப ஊத்தலாமா?"

"ஊற்றுங்கள், ஐயா."

முதியவர் பாதியை ஊற்றினார். மீதியோடு மூடியைத் திருகினார்.

"இது அவளுக்கு. கண்ணு முழிச்சதும் கேப்பா," என்றார்.

எதிரே கடை வாசலில் நின்ற உலகநாதன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆவுடையப்பன் பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு பூங்காப் பிரிவுக்கு வந்தார். மரகதவல்லி நிமிர்ந்து பார்த்தார்.

"காற்றில் விழுந்துவிட்டதா?"

"நான்தான் பிடுங்கினேன்."

ஆவுடையப்பன் பலகையைச் சுவரோரம் எழுத்து உள்பக்கம் இருக்கும்படி சாய்த்து வைத்தார்.

"அவர்களை நிறுத்த என்னால் முடியாது, அம்மா. நிறுத்தாமல் மரமும் பிழைக்காது. வளராது என்று எழுதிக்கொடுத்துவிடட்டுமா? வண்டியாவது நிற்கும்."

"நாளைக் காலை ஆறு மணிக்கு ஆற்றுப் பாலத்துக்கு வந்துவிடுங்கள்."

வெள்ளிக்கிழமை காலை இருவரும் பாலத்துக்குக் கீழே இறங்கினார்கள். அந்த ஆற்றின் இரு கரையிலும் மருதமரங்கள் நிற்கின்றன. நான்கு பேர் கைகோத்தாலும் அணைக்க முடியாத பருமன். வெளுத்த பட்டை. வேர்கள் பாதி மண்ணிலும் பாதி நீரிலும் கிடந்தன. ஓரிடத்தில் விழுந்த விதைகள் முளைத்து, முழங்கால் உயரக் கன்றுகளாக, கணுக்கால் அளவு நீரில் நின்றன.

மரகதவல்லி தம் பையிலிருந்து தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து ஆவுடையப்பனிடம் நீட்டினார்.

"அந்தக் கன்றுக்கு ஊற்றுங்கள்."

ஆவுடையப்பன் சிரித்தார். "ஆற்றில் நிற்பதற்கா?"

"ஊற்றுங்கள், அண்ணாச்சி."

அவர் குனிந்து பாட்டில் முழுவதையும் ஊற்றினார்.

"என்ன ஆயிற்று?"

"ஒன்றும் ஆகவில்லை."

மரகதவல்லி வெறும் பாட்டிலை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

ஆவுடையப்பன் அந்தக் கன்றையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது எனக்குத் தெரியாத மரம் அல்ல. சிறு வயதில் இதன் கிளையிலிருந்து ஆற்றில் குதித்திருக்கிறேன்."

"பிறகு ஏன் நான்கு முறையும் வேம்பை நட்டீர்கள்?"

"தெருவில் மற்ற எட்டும் வேம்பு. நடுவில் ஒன்று வேறாக இருந்தால் வரிசை கெடும்."

"சாலையில் வரிசை கெட்டால் என்ன ஆகும்?"

"வண்டி கவிழும்."

"மரத்தில்?"

ஆவுடையப்பன் யோசித்தார். கரையோரம் எந்த வரிசையும் இல்லாமல் நின்ற மருதமரங்களைப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நீருக்குள் இறங்கினார். வேரோடு மண் உதிராமல் ஒரு கன்றைப் பெயர்த்தெடுக்க அவருக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. மரகதவல்லி கரையில் நின்றார். ஒரு தடவை மட்டும், "ஆணிவேர் இன்னும் கீழே இருக்கிறது," என்றார்.

சனியும் ஞாயிறும் குழியில் வேலை நடந்தது. வாடிய வேம்பை எடுத்துவிட்டு, புளித்த மண்ணை இடுப்பளவு ஆழத்துக்கு அள்ளி அப்புறப்படுத்தினார்கள். ஆற்று வண்டலும் மணலும் கலந்து நிரப்பினார்கள். முத்துவீரன் கூப்பிடாமலே வந்து ஒரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டார்.

"இது என்ன கன்னு அண்ணாச்சி?"

"மருது."

"இந்தத் தெருவுல வேம்புக்கே வழியில்ல. மருது வருமாக்கும்?"

"பார்ப்போம்."

"வந்தா என்னைக்கி நெழல் தரும்?"

"எட்டுப் பத்து வருடம் ஆகும்."

"அப்ப நீங்க ரிட்டயர் ஆயிருப்பீக. எங்க கூட இங்கன வந்து உக்காந்துக்கிடுங்க. முக்காலிய நாங்க பத்திரமா வச்சிருக்கோம்," என்றார் முத்துவீரன்.

ஞாயிறு மாலை கன்றை நட்டார்கள். லாரியை அழைக்கவில்லை. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வாசலிலிருந்து ஓர் ஆள் பாட்டிலோடு வெளியே வந்தார். இடமும் வலமும் பார்த்தார். ஆவுடையப்பன் முக்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு அவருக்கு வழிவிட்டார்.

அன்று எட்டாம் நாள். மாலை ஐந்து மணிக்குள் தாள் நகர்மன்றத்துக்குப் போயாக வேண்டும்.

பூங்காப் பிரிவில் மரகதவல்லியின் மேசைக்கு எதிரே உட்கார்ந்து ஆவுடையப்பன் தாளை விரித்தார். 'வளராது' என்ற சொல்லின்மேல் ஒரு கோடு போட்டார். கோடு நேராக இருந்தது. கையொப்பமிடும் இடத்துக்குப் பேனாவைக் கொண்டுபோனவர் நிறுத்திவிட்டார்.

"என்ன?" என்றார் மரகதவல்லி.

"ஒன்று யோசிக்காமல் விட்டுவிட்டோம், அம்மா."

"சொல்லுங்கள்."

"வேம்பு என்றால் லாரித் தண்ணீர் வாரம் ஒருமுறை போதும். இதற்குப் போதாது. இது அந்த மனிதர்கள் ஊற்றுவதை நம்பி நிற்கிற மரம். அவர்கள் வந்தால்தான் இது பிழைக்கும்."

"ஆமாம்."

"நாளைக்கே எல்லா நோயும் தீர்ந்து, உள்ளே தாகத்தோடு படுத்திருக்க ஒருவரும் இல்லை என்று ஆகிவிட்டால்? கையில் பாட்டிலோடு அந்த வாசலுக்கு வெளியே வர ஆளே இல்லாமல் போனால்? மரம் காய்ந்துவிடும். பொறுப்பு என்று நான் கையெழுத்துப் போடுகிறேன். அந்த நாளுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?"

மரகதவல்லி கையிலிருந்த வேலையை நிறுத்தினார். அந்த நாளை ஒருமுறை மனத்தில் பார்த்துக்கொள்பவர்போல வாசல் பக்கம் திரும்பினார்.

"அப்படி ஒரு நாள் வந்தால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள், அண்ணாச்சி. எங்கே இருந்தாலும் நானே குடம் எடுத்து வந்து ஊற்றுகிறேன்."

ஆவுடையப்பன் கையொப்பமிட்டார்.